மைனஸ் ஆறு புள்ளி நாலு

"வாயை இன்னும் கொஞ்சம் திற. நாக்கை அந்தப் பக்கம் தள்ளு. இப்பக் கேளு. ஒருத்தன் இருபத்துநாலு பாயிண்ட் எடுத்துட்டா பெரிய ஆளா? அவன் களத்துல நின்ன நேரத்துல எதிராளிங்க முப்பது எடுத்தாங்களே, அதை யார் தலையில எழுதறது?"

நாற்காலியில் மல்லாந்திருக்கும் பஸ் டிரைவர் "ஆ..." என்கிறார். பெர்னடெட் ஷிமான்ஸ்கி அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு அடுத்த பல்லுக்குப் போகிறார்.

அமெரிக்காவின் டொலிடோ நகரில், லக்ரேஞ்ச் தெருவில், டாக்டர் லிப்கேயின் பல் மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாகப் பல் சுத்தம் செய்பவர் அவர். வயது ஐம்பத்தேழு. மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பெரிய கண்ணாடி. ஊர் கூடைப்பந்து அணியின் எந்த ஆட்டத்தையும் தவறவிட மாட்டார். ஆனால் பந்து வளையத்தில் விழுவதை அநேகமாகப் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். எவன் உள்ளே வந்தான், எவன் பெஞ்சுக்குப் போனான், அதற்குள் இரு பக்கமும் எத்தனை ஏறியது. வீட்டுக்குப் போய் இதையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு, நூறு முறை பந்து கைக்கு வந்தால் இந்த ஆளால் அணிக்கு லாபமா நஷ்டமா என்று ஆளுக்கு ஓர் எண் கண்டுபிடிப்பார். வியாழக்கிழமை தோறும் அந்தத் தாள் மருத்துவமனைச் சுவரில், ஈறு நோய்ப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டப்படும். அணி சின்னது, கணக்குப் பார்க்கத் தனி ஆள் கிடையாது. ஆகவே பயிற்சியாளரும் ஆள் அனுப்பி ஒரு பிரதி வாங்கிக்கொள்வார்.

இந்த வருடம் தாளின் கடைசி வரியில் இருந்தவன் லாமான்ட் க்ரூம்ஸ். ஊரே தலையில் வைத்து ஆடும் பையன். ஆட்டத்துக்கு இருபத்துநாலு பாயிண்ட் சராசரி. பெர்னடெட்டின் எண்: மைனஸ் ஆறு புள்ளி நாலு. பக்கத்தில் குறிப்பு: "சோம்பேறி. எறிந்துவிட்டு நின்று வேடிக்கை பார்க்கிறான்."

மூன்று குடும்பங்கள் வேறு டாக்டரிடம் மாறிவிட்டன. யாரோ ஒரு ரசிகர் பல்லில் ஒட்டும் மிட்டாய் இரண்டு கிலோவை மருத்துவமனை வாசலில் வைத்துவிட்டுப் போனார். "என்னைத் திட்டினா பரவாயில்ல, பல்லு மேல என்ன கோவம்?" என்று பெர்னடெட் அதை அப்படியே குப்பையில் போட்டார்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை லாமான்ட் க்ரூம்ஸ் பல் சுத்தம் செய்துகொள்ள வந்தான். டாக்டர் லிப்கே பெர்னடெட்டைப் பின்னறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் கெஞ்சினார்.

"பெர்னி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவன் கிளம்பற வரைக்கும் பேச்சே வேணாம்."

"நான் என்ன பேசப்போறேன்?"

நான்கு நிமிடம் தாக்குப்பிடித்தார். அதற்குள் அவனே அவருடைய பெயர் அட்டையைப் படித்துவிட்டான்.

"மேடம், அந்த மைனஸ் ஆறு நீங்கதானா?"

"ஆறு புள்ளி நாலு. வாயைத் திற."

கையில் பல் சுரண்டும் கொக்கியோடு நிற்கிற பெண்ணிடம் யார் சண்டை போடுவது? திறந்தான். உள்ளே பார்த்த பெர்னடெட்டின் கை நின்றது. இருபத்தைந்து வயதுப் பையனின் கடைவாய்ப் பற்கள் அறுபது வயதுக்காரருடையவை போலத் தேய்ந்து தட்டையாகிக் கிடந்தன.

"என்ன தம்பி இது? பல்லைக் கடிச்சுக்கிட்டா ஆடற?"

அவன் கதவைப் பார்த்தான். பிறகு தணிந்த குரலில் சொன்னான். "இடது முழங்கால். முதல் பாதி ஓடிடுவேன். அப்புறம் எதிராளியைத் தடுக்கத் திரும்பி ஓட முடியாது. வெளிய தெரிஞ்சா அனுப்பிடுவாங்க மேடம். மார்ச்சுல பெரிய லீக்குலேர்ந்து ஆள் பார்க்க வராங்க."

பெர்னடெட் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற டாக்டர் லிப்கேக்கு அதுதான் பயமாக இருந்தது.

அன்று வீட்டில் அவர் அந்த எண்ணைப் பாதி பாதியாகப் பிரித்துப் போட்டார். முதல் பாதியில் ப்ளஸ் மூன்று. இரண்டாம் பாதியில் மைனஸ் பதினாறு. எண்ணில் பிழை இல்லை. பக்கத்தில் எழுதிய ஒற்றைச் சொல்தான் பிழை. அது கணக்கில் வந்த சொல் இல்லை, அவராகவே எழுதியது.

வியாழக்கிழமைத் தாளில் மைனஸ் ஆறு புள்ளி நாலு அப்படியே இருந்தது. குறிப்பு மட்டும் மாறியிருந்தது: "சோம்பேறி என்று எழுதியது என் தவறு. நாலைந்து நிமிடத் துண்டுகளாக இறக்கி, இடையில் உட்காரவைத்தால் இவன் அணியில் முதல் ஆள்." காரணம் எழுதவில்லை. அவனிடம் மட்டும் தொலைபேசியில், "எலும்பு டாக்டர் ஒருத்தர் என்கிட்டதான் பல் சுத்தம் பண்ணிக்குவார். நான் சொன்னா வெளிய மூச்சு விடமாட்டார். போய்ப் பாரு" என்றார்.

பயிற்சியாளர் அப்படியே செய்து பார்த்தார். க்ரூம்ஸ் துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் அரங்கம் முழுக்க ஊளையிட்டது. "கிழவியோட தாளைக் கிழிச்சுப் போடு" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். பெர்னடெட் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அவன் பதினாறு பாயிண்ட்தான் எடுத்தான். அணி பத்தொன்பது பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தது. அடுத்ததிலும் ஜெயித்தது. மார்ச் கடைசியில் பெரிய லீக் அணி ஒன்று, ஆடவிட்டுப் பார்க்கும் பத்து நாள் ஒப்பந்தத்துக்கு அவனைக் கூப்பிட்டது.

"நான் அப்பவே சொன்னேன், பையன் தங்கம்னு" என்றார் டாக்டர் லிப்கே. ஊரும் அதையே சொன்னது. பெர்னடெட் தலையாட்டினார்.

கிளம்புகிற அன்று, தூக்கத்தில் பல் தேயாமலிருக்கப் போட்டுக்கொள்ளும் உறையை வாங்க அவன் வந்தான்.

"பெஞ்சுல உக்காந்து உக்காந்து ஆட ஆரம்பிச்சப்புறம் நான் எவ்வளவு மேடம்?"

"ப்ளஸ் நாலு புள்ளி ஒண்ணு."

"அஞ்சுன்னு வெச்சுக்கலாமே. முதல் நாள் போறேன்."

"நாலு புள்ளி ஒண்ணு" என்றார் பெர்னடெட். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, ஆளுக்கு ஒன்று என்று கொடுக்கும் பல் துலக்கிகளில் ஐந்தை எடுத்து அவன் பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.