செயின் வைஸ் வர நாலு நாள்

கிடுக்கி என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது, என் தங்கையைப் பெண் கேட்டு வந்த அன்று. "மாப்பிள்ளைக்குப் பைப் ஃபிட்டர் வேலை. பிடிச்சா விடமாட்டாரு, அதனால கிடுக்கின்னு கூப்பிடுவாங்க" என்றார் கூட வந்தவர். உள்ளே இருந்த தங்கை, "அப்போ டீ கிளாஸைத் திருப்பித் தருவாரா?" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குக் காதுமடல் வரை முகம் சிவந்துபோயிற்று.

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றாகவே வேலைக்குப் போனார்கள். அவர் பைப்பை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கி, முனையில் திருகு மரை போடுவார். அவள் எண்ணெய் விடுவாள், சுருள் சுருளாக விழும் இரும்பைப் பெருக்குவாள். நீளமான பைப்பு என்றால் மறுமுனையில் ரெஞ்ச் போட்டு, சுற்றாமல் பிடித்துக்கொள்வாள்.

"நீதாம்மா என் ரெண்டாவது வைஸு" என்பார்.

"துரு பிடிச்சா மாத்திடுவீங்களோ?" என்பாள் அவள்.

வைஸ் விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. "தட்டை வாய் வைஸ்ல உருண்டைப் பைப்பு ரெண்டு இடத்துலதான்க்கா ஒட்டும். இறுக்கினா நசுங்கும், தளர்த்தினா சுத்தும்" என்று எனக்கே பாடம் நடத்தியிருக்கிறார். அவரிடம் இருந்தது மேலே கதவு மாதிரித் திறந்து, பல்லால் கவ்வுகிற வைஸ். இரண்டு அங்குலம் வரைக்கும்தான் அதற்குள் போகும்.

எங்கள் மாடி வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றும் பைப்பு மூன்று அங்குலம். அது துருவேறி உடைந்தது. பைப்பைச் செயினால் சுற்றிப் பிடிக்கும் வைஸ் வேண்டும், வர நாலு நாள் ஆகும் என்றார் கடைக்காரர்.

"பொறுத்துக்கலாங்க" என்றாள் தங்கை.

நான்தான் விடவில்லை. "எட்டு வீடு தண்ணியில்லாம கிடக்கு. எல்லாரும் என்னைத்தான் பிடுங்குறாங்க. உங்களுக்குத் தெரியாத தொழிலா தம்பி, எதையாவது பண்ணுங்க" என்றேன்.

மறுநாள் காலை ஒரு தட்டை வாய் வைஸை இரவல் வாங்கி வந்து மாட்டினார். அவள் வழக்கம்போல மறுமுனையில் ரெஞ்சோடு நின்றாள். அவர் முழு எடையையும் போட்டு மரை வெட்டும் டையைத் திருப்பினார். பைப்பு வைஸுக்குள் வழுக்கிச் சுற்றியது. ரெஞ்சின் நீளக் கைப்பிடி அவள் நெற்றிப்பொட்டில் அடித்தது. இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

விஷயம் தெரியாத கடை ஆள், சொன்னபடி செயின் வைஸைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். கிடுக்கி அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு செயினைக் கண்ணி கண்ணியாகத் தடவினார். "மூணு அங்குலம் இதுல நல்லா உட்காரும்க்கா" என்றார்.

என் அண்ணன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். "நாலு நாள் பொறுக்க முடியாத அளவுக்கு யாருக்கு அவசரம் மாப்பிள்ளை?"

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்குத்தான் மச்சான்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. பதினோரு வருஷம் ஆகிறது.

அதன் பிறகு அவர் மரை போடவே இல்லை. இப்போது அதே கடையில் வேலை பார்க்கிறார். வைஸ் வாங்க வருகிறவர்களிடம், பைப்பு எத்தனை அங்குலம் என்று கேட்டுத்தான் எடுத்துக் கொடுக்கிறார்.