கட்டியவனே கலைக்க வேண்டும்

அருப்புக்கோட்டையில் எங்களுடையது சின்னக் கம்பெனி. சுற்றுவட்டார மில்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. கண்ணுக்குத் தெரிவது ஒரே ஒரு பெரிய சர்வர். அதற்குள் மென்பொருளால் ஆன கம்ப்யூட்டர்கள், ஒரே வளவுக்குள் பல குடித்தனம் மாதிரி. மெய்நிகர் இயந்திரம் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். எங்களுக்கு வெறும் மெஷின். அத்தனையையும் கட்டியவன் திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வரும் என் கூட்டாளி. கட்டியவன்தான் கலைக்க வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். யாரோ கை வைத்து, ஓடிக்கொண்டிருந்த மெஷின் ஒருமுறை அழிந்துபோனதில் வந்தது அது.

போன வருஷம், இந்த மெஷின்களையெல்லாம் தாங்கி ஓட்டும் மென்பொருளான பழைய தளத்தின் லைசென்ஸ் விலையைக் கண்டபடி ஏற்றிவிட்டார்கள். எல்லா மெஷினையும் இலவசத் தளத்துக்கு மாற்றச் சொன்னார் முதலாளி. புதுத் தளம் எனக்குத் தெரியும். அவனுக்குப் பழையது மட்டும்.

"மாத்தி முடிஞ்சதும் ஒரு ஆளு போதும்" என்று அவன் எதிரிலேயே சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீ கிளாஸை நங்கென்று வைத்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

கடைசியாக மிஞ்சியது பந்தல்குடிப் பக்கத்து மில்லின் வருகைப்பதிவுக் கணக்கு ஓடும் மெஷின். புதுத் தளத்தில் அது எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. டிஸ்க்கே இல்லை என்று புலம்பியது. உள்ளூர எனக்குச் சந்தோஷம். இது கிடக்கிறவரை அவனுக்கும் வேலை இருக்குமே.

"விடுலே, பழையதுலயே கிடந்துட்டுப் போகுது" என்றேன்.

"ஏலே கூறுகெட்டவனே, லைசென்ஸ் முடிஞ்சா பழையது நின்னுரும். ஆளுக வந்தது கணக்குல ஏறலேன்னா எப்படிலே சம்பளம் போடுவாக?"

பழைய தளத்தில் அந்த மெஷினைத் திறந்து, புது டிஸ்க்கை அடையாளம் காட்டும் டிரைவரை முதலிலேயே உள்ளே ஏற்றிக் கொடுத்தான். மறுபடி மாற்றினேன். சமத்தாக எழுந்துகொண்டது. பாவிப்பயல், தன் வேலைக்குத் தானே உலை வைத்துக்கொண்டான்.

ஒரு வாரம் புதியது ஒழுங்காக ஓடியதும், பழையதை அவனே அழித்தான். பையை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"என் லாகினையும் எடுத்துரு."

"முதலாளி எடுத்துக்கிடட்டும். எனக்கு மனசு வரலலே."

"நான் சேந்தன்னைக்கு லாகின் போட்டுக் குடுத்தது நீதான? அப்ப நீதான் எடுக்கணும்."

எடுத்தேன். திரையில் இருந்த லாகின் பட்டியலில், அவன் பெயர் இருந்த வரிக்கு என் பெயர் மேலேறி வந்து நின்றது.

"வாரேன்லே" என்றான், தினமும் சொல்வது போலவே.