இடது குழலில் நாலாம் நம்பர்

மௌண்ட் ரோட்டில் ஒரு துப்பாக்கிக் கடையில் நான் தோட்டா விற்றுக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. எங்கள் வீடு ராயப்பேட்டையில். அக்காவும் அவள் கணவரும் எங்களோடுதான் இருந்தார்கள். மச்சான் பெரியமேட்டில் ஒரு தோல் மண்டியில் தோல்களைத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். அவருடைய தகப்பனார் விட்டுப்போன இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. அதற்கு முறையான லைசென்ஸும் இருந்தது.

மச்சானைப் போல் சட்டத்துக்குப் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை. லைசென்ஸை மெழுகுத் துணியில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டுதான் கிளம்புவார். அவருடைய துப்பாக்கியை ரோட்டில் என்னைத் தூக்க விடமாட்டார். லைசென்ஸ் என் பேரில் இல்லை என்பார். கௌதாரி முட்டையிடும் மாதங்களில் துப்பாக்கி பெட்டியை விட்டு வெளியே வராது. வேளச்சேரி வயல்களுக்குப் போகும்போதெல்லாம் முதலில் கிராம முன்சீப் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வரப்பில் கால் வைப்பார். கவர்னர் மாளிகை இருக்கும் கிண்டிப் பக்கம் குழலைத் திருப்பக்கூட மாட்டார்.

இது போதாதென்று எங்கள் வீட்டுச் சட்டம் வேறு. சுட்ட பறவை உயிரோடு விழ வேண்டும். ஓடிப்போய் பிஸ்மில்லாச் சொல்லி அறுத்தால்தான் அது அடுப்புக்கு ஏறும். அந்த வேலை என்னுடையது. அதனால் மச்சான் எப்போதும் எட்டாம் நம்பர் தோட்டாவையே கேட்பார். நம்பர் கூடக்கூட உள்ளே இருக்கும் ஈய ரவை பொடியாகும். எட்டாம் நம்பர் ரவை கடுகைப் போல இருக்கும். உள்ளானின் இறக்கையைத் தட்டிப் போடும், கொன்றுவிடாது. நாலாம் நம்பர் கொத்துமல்லி விதை அளவு. தாரா மாதிரிப் பெரிய பறவைக்கு அதுதான். வெகுதூரம் போகும், போன இடத்திலும் வேகம் குறையாது. கடையில் துரைமார்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் இதையெல்லாம் நாள் முழுக்க எடுத்துச் சொல்லிச் சொல்லி, துப்பாக்கி சுடாத எனக்கே பெரிய வேட்டைக்காரன் என்ற நினைப்பு வந்திருந்தது.

அந்த வருஷம் மழை பிந்திப் பெய்து, தை மாதத்திலும் வேளச்சேரி ஏரியில் தண்ணீர் நின்றது. தாராக்கள் கூட்டம் கூட்டமாக இறங்கியிருப்பதாகக் கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நானும் மச்சானும் சைக்கிளில் சைதாப்பேட்டைப் பாலம் தாண்டி வேளச்சேரி போனோம். முன்சீப்பிடம் சொல்லியாயிற்று. வயல் ஓரத்தில் நின்று மச்சான் இரண்டு குழலிலும் எட்டாம் நம்பரைப் போடப் போனார். நான் தடுத்தேன்.

"தாரா கெளம்பினா எட்டு இன்னா பண்ணும் மச்சான்? வலதுல எட்டு இருக்கட்டும். இடதுல நாலு போடுங்க."

அவர் யோசித்தார். "ஜனங்க பொழங்குற எடம்டா. நாலு ரொம்ப தூரம் போவும்."

"கோரைக்குள்ள இந்நேரத்துக்கு யாரு வருவாங்க? நான் பாத்துட்டேன்."

நான் பார்க்கவில்லை. பனி மூட்டத்தில் கோரை ஒரே பச்சைச் சுவராகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் தோட்டா விஷயத்தில் மச்சான் என் சொல்லைத் தட்டியதில்லை. அவர் லைசென்ஸில் பதிந்து வாங்கிய தோட்டாக்களோடு நானே சேர்த்திருந்த ஒரு நாலாம் நம்பரை என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் இடது குழலில் போட்டுக்கொண்டார்.

தாரா ஒன்றும் எழும்பவில்லை. வெகுநேரம் சேற்றில் நடந்த பிறகு காலடியிலிருந்து ஒரு உள்ளான் கிளம்பியது. அது நேராகப் பறக்கிற பறவை இல்லை; தாழ்வாக, வளைந்து வளைந்து கோரைப் பக்கம் போயிற்று. மச்சான் வலது குழலால் சுட்டார், தவறியது. உடனே இடது விசையை இழுத்தார். பறவை விழுந்தது.

நான் ஓடினேன். கோரை ஓரத்தில் அது துடித்துக்கொண்டிருந்தது. கத்தியை எடுத்து, பிஸ்மில்லாச் சொல்லி அறுத்தேன். கத்தியைப் புல்லில் துடைத்துவிட்டு நிமிரும்போதுதான் கோரைக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் முனகல் கேட்டது. அதற்கு முன் அவள் சத்தம் போட்டாளா, நான்தான் கேட்கவில்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

புல் அறுக்க வந்தவள். சைதாப்பேட்டை ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்து வந்து, குதிரைகளுக்குப் புல் அறுத்து விற்பவள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். மச்சான் துப்பாக்கியை வரப்பில் போட்டுவிட்டு வந்து, தலைப்பாகையை அவிழ்த்து அவள் முகத்தில் கட்டினார். ஊரில் ஒரு மாட்டு வண்டி பிடித்து அவளை ஏற்றினோம். வழியெல்லாம் அவர் வாயில் கலிமாவைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எடுத்த ரவைகள் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் கிடந்தன. மூன்று. யாரும் அளந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. தினமும் கையில் உருட்டுகிற ரவை. நாலாம் நம்பர்.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பத்து நாளில் அதுவும் மங்கியது. அந்த நாட்களில் ஒரு மத்தியானம் நான் மட்டும் போயிருந்தேன். அவள் புருஷன் சுவரோரமாகக் குந்தியிருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள்தான் என் காலடிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, யாரென்று கேட்டாள். சொன்னேன். முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"இன்னாத்தை சுட்டீங்கோ?"

"உள்ளான்."

"கெட்ச்சிதா?"

இல்லை என்று சொன்னேன். அறுத்த பறவை எங்கே போயிற்று என்பது எனக்கே நினைவில்லை. ஆனால் அதை அறுத்தது நினைவிருந்தது.

சைதாப்பேட்டைக் கோர்ட்டில் விசாரணைக்கு முதல் நாள் மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நம்பர் பத்தி நீ வாயத் தொறக்காதே. லைசென்ஸ் என் பேர்ல கீது. சுட்டது நான்."

நான் தலையாட்டினேன். அப்போது எனக்கு வந்தது நிம்மதிதான். அதைச் சொல்லாமல் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

கோர்ட்டில் லைசென்ஸைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. வாங்கிய தோட்டாக்கள் அதில் பதிவாகியிருந்தன. காலம் தடை செய்த காலமில்லை, இடம் தடை செய்த இடமில்லை. முன்சீப் வந்து, தன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள் என்றார். எந்தக் குழலில் என்ன நம்பர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்குச் சட்டத்தில் இடமில்லை போலும். எதிர்பாராமல் நடந்தது என்று எழுதி, மச்சானை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். அவள் புருஷன் தீர்ப்பு புரியாமல் கடைசி வரை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு யாராவது விளக்கிச் சொன்னார்களோ, தெரியாது. நான் சொல்லவில்லை.

மச்சான் அங்கிருந்து நேராகப் போய்த் துப்பாக்கியைச் சர்க்காரிடம் ஒப்படைத்தார். அதற்கு அவசியம் இல்லை என்று அதிகாரி சொல்லியும் கேட்கவில்லை. அதன் பிறகு அவர் என்னோடு சண்டை போடவில்லை, என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. பேச்சுதான் குறைந்துகொண்டே போனது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் நான் எழுந்த பிறகு வந்து உட்காருவார். ஒரு நாள் அக்கா சோறு போட்டுக்கொண்டே, "நாலு போடச் சொன்னது நீதானாமே?" என்றாள். ஆமாம் என்றேன். கையிலிருந்த கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த வருஷ முடிவில் அவர்கள் ஆம்பூருக்குக் குடிபோனார்கள். பெருநாளைக்கு ஒரு கடிதம் வரும். அதுவும் பிறகு நின்றுவிட்டது.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அந்தப் புல் அறுப்பவளைத் தேடி ஆற்றங்கரைக்குப் போனேன். என்ன சொல்லப் போகிறோம் என்று நினைத்துப் பார்க்காமலே போனேன். வெள்ளத்தில் அந்த வரிசைக் குடிசைகள் அடித்துக்கொண்டு போயிருந்தன. பக்கத்தில் புதிதாக ஓலை கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் விசாரித்தேன். கண் தெரியாத பொம்பளையா என்று ஒருவன் கேட்டான். அவர்கள் எங்கே போனார்கள் என்று அவனுக்கும் தெரியவில்லை. பெயரைக் கேட்டான். கோர்ட்டில் அவள் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள், நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு அது எனக்கு ஞாபகம் வரவில்லை. சேற்றில் சிறிது நேரம் நின்றுவிட்டு, கடைக்கு நேரமாயிற்று என்று திரும்பிவிட்டேன்.