அக்கா மறைத்த எட்டு மாதம்

அக்கா கலியாணம் முடித்துப் போனது வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி ஃபிளாட்டுக்கு. அங்கே சாமிப்படங்கள் சமைக்கிற குசினிக்குள்ளேயே ஒரு சுவர்த்தட்டில் இருந்தன. அதனால் மாதவிடாய் நாட்களில் அவள் குசினிக்குள் கால் வைக்கக் கூடாது. பல்கனிக் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருப்பாள். அத்தானின் அம்மா, அவளுடைய மாமி, கோப்பையில் சோற்றைப் போட்டு நிலத்தில் வைத்துவிட்டுப் போவா. அத்தானின் தம்பிமார் வந்தால், அவள் இருக்கும் இடத்தைப் பார்த்தே விஷயத்தை அறிந்துகொள்வார்கள்.

நாற்பத்து நான்கு வயதில் அவளுக்கு இரத்தப்போக்கு நிற்காமல் போகத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை கிருலப்பனையில் என் வீட்டுக்கு வந்தவள், பாத்ரூமுக்குள் அரை மணித்தியாலம் நின்றுவிட்டு, முகம் வெளுத்துப்போய் வெளியே வந்தாள்.

“இந்த மாசம் இருபது நாள். போன மாசமும் அப்பிடித்தான்.”

“டொக்டரிட்டக் காட்டினியே?”

“காட்டுறதெண்டா இவரிட்டச் சொல்லோணும். இவர் மாமியிட்டச் சொல்லுவார். பிறகு நான் குசினிக்குள்ள போகேலாது. மாமிக்கு முழங்கால் ஏலாது, ஆர் சமைக்கிறது? இதோடதான் சாமிக்கு விளக்கு வைச்சனான் எண்டு தெரிஞ்சா…”

“நான் அத்தானிட்டச் சொல்லட்டே?”

“என்னெண்டு சொல்லுவாய்?”

என் கணவரிடமே நான் அந்த நாட்களில் ‘சுகமில்லை’ என்றுதான் சொல்வேன். பிறகு இரண்டு தரம் அத்தானுக்கு ஃபோன் எடுத்தேன். பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

எட்டாவது மாதம், மீன் வாங்க நின்ற இடத்திலேயே அக்கா மயங்கி விழுந்தாள். பொரளையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எவ்வளவு காலமாக இப்படி என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். தெரியாது என்றார் அத்தான். நான்தான் எட்டு மாதம் என்றேன். அத்தான் என் பக்கம் திரும்பினார்.

“உமக்குத் தெரியுமே?”

“ஓம்.”

அதற்குப் பிறகு அவர் என்னோடு அதிகம் கதைத்ததில்லை.

புற்றுநோய் வந்திருந்த கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆனால் நோய் அதைத் தாண்டிப் பரவியிருந்தது. வீட்டுக்கு வந்த அன்று மாமி கட்டில் ஓரத்தில் இருந்து அவளுடைய தலையைத் தடவினா.

“இனி அந்தத் தொல்லை இல்லைத்தானே பிள்ளை. எல்லா நாளும் நீ விளக்கு வைக்கலாம்.”

ஆறுதலாகத்தான் சொன்னா. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த விளக்கை அவள் பிறகு ஒரு நாளும் தொடவில்லை. நான்கு மாதத்தில் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அக்கா வீட்டுக்கு வந்த ஒரு சொந்தக்காரர், “என்ன வருத்தம்?” என்று என்னிடம் கேட்டார். சுற்றிவர ஆண்கள். “வயித்தில அல்சர்” என்றேன். தேத்தண்ணித் தட்டோடு நின்ற என் பதினாலு வயது மகள் என்னையே பார்த்தாள்.

“ஏனம்மா பொய் சொன்னீங்க?” என்று பிறகு எங்கள் வீட்டில் கேட்டாள்.

“ஆம்பிளையள் இருந்தவை.”

போன கிழமை மகளுடைய அலுமாரியை ஒதுக்கும்போது, உடுப்புகளுக்குப் பின்னால் கறை படிந்த பள்ளிச் சட்டை ஒன்று, பேப்பரில் சுற்றி ஒளித்து வைத்திருப்பதைக் கண்டேன். கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்காமல் கதவைச் சாத்தினேன்.