வால் வைத்த மாப்பிள்ளை

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிற எனக்குத் தைக்கத் தெரியாது. இதை வெளியூரில் யாரும் நம்ப மாட்டார்கள். துணியைத் தடவிப் பார்த்து அதன் கனத்தை ஓரளவு சொல்லிவிடுவேன். காலர் அளவு ஏன் கொஞ்சம் கூடிப்போனது என்று சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் பணிவாக மெயில் எழுதுவேன். ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் மட்டும் வேறு வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிவிடுவேன்.

கல்யாணமான புதிது. வீரபாண்டியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனவள் பர்ஸை வீட்டிலேயே மறந்துவிட்டதால் திரும்பி வந்தேன். பீரோ கண்ணாடிக்கு முன்னால் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் எங்கள் போர்வை. இரண்டு கைகளையும் நகம் போல வளைத்து, பல்லைக் காட்டி, கண்ணாடியைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தார். சாயப்பட்டறை ஆபீஸில் கணக்கு எழுதும் மனிதர், சத்தமாகத் தும்மக்கூட யோசிப்பவர்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார். பயத்தில் எனக்கே 'ங்க' போட்டுவிட்டார்.

மெதுவாகத்தான் விஷயம் வெளியே வந்தது. காலேஜ் நாளிலிருந்து அவருக்கு ஜப்பான் கார்ட்டூன்கள் என்றால் உயிர். கோயமுத்தூரில் ஒரு மண்டபத்தில், விதவிதமாக வேஷம் கட்டிக்கொண்டு ஆட்கள் கூடுகிறார்கள். அதற்குப் பேர் காஸ்ப்ளே. அங்கே டிராகனாகப் போக வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. எந்தக் கதையிலும் வருகிற டிராகன் இல்லை, அவர் மனதிலேயே வளர்ந்த டிராகன். யாரிடமும் சொன்னதில்லையாம்.

நான் சிரித்த சிரிப்பில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் முகம் வாடியது. போர்வையை மடிக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

"நாமளே செஞ்சா என்னங்க?" என்றேன்.

"உனக்குத்தான் தைக்கத் தெரியாதே?"

"உங்களுக்குந்தான் தெரியாது."

அதற்கு மேல் எங்களைப் பிடிக்க ஆளில்லை. காதர்பேட்டைத் துணிக் கடையில் கரும்பச்சை பனியன் துணி எடுத்தோம். வீட்டுக்கார அம்மாவிடம் தையல் மெஷினை இரவல் வாங்கி, போனில் வீடியோ போட்டுவிட்டு உட்கார்ந்தோம். நான் மிதிக்க, அவர் துணியைத் தள்ள, ஒரு கை முழுக்கத் தைத்து முடித்த பெருமையோடு எடுத்துப் பார்த்தால் இரண்டு துண்டும் தனித்தனியாகக் கையில் வந்தன. ஊசியில் நூலே இல்லை. அன்றைக்கு அதற்கு மேல் வேலை நடக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வந்தது.

றெக்கைக்குப் பெயிண்ட் அடித்து மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டோம். முழங்கால் வரைக்கும் இருந்த றெக்கை, சாயங்காலம் போய்ப் பார்த்தால் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது. பனியன் துணி ஈரத்தோடு தொங்கினால் நீளும் என்று பையருக்கு எத்தனையோ மெயில் எழுதியவள் நான். "டிராகன் வளந்துட்டானாட்ட இருக்குது" என்று அவர் சொல்ல, மறுபடி அங்கேயே உட்கார்ந்து சிரித்தோம்.

முதுகு முள்ளுக்குத்தான் அவருடைய மூளை வேலை செய்தது. நூல் தீர்ந்து கழித்துப் போடும் அட்டைக் கோன்களை துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட்டிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்து, சிவப்பு அடித்து வரிசையாக ஒட்டினார். பார்க்கவே மிரட்டலாக இருந்தது. தலை, ஒரு பெரிய அட்டைப்பெட்டி. வாலுக்குள் பனியன் வேஸ்ட்டை அமுக்கி அமுக்கித் திணித்தோம். மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவரை வாலே பின்னால் இழுத்து உட்கார வைத்துவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, பாலிதீன் பைகளை ஊதிக் கட்டி அடைத்தோம். வால் லேசாகிவிட்டது. எதிலாவது இடித்தால் மட்டும் 'டப்' என்று ஒரு பை வெடிக்கும்.

போவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, முழு வேஷத்தையும் போட்டுப் பார்த்தோம். முதுகு ஜிப் துணியைக் கவ்விக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. தலை வேறு கழுத்தோடு ஒட்டியிருந்தது. நான் இழுத்துக்கொண்டிருக்கும்போது காலிங் பெல் அடித்தது. தண்ணி கேன் பையன் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன்.

குண்டடத்திலிருந்து என் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பா கையில் தேங்காய்ச் சாக்கு, அம்மா கையில் முருங்கைக்காய்க் கட்டு.

"நல்லா இருக்கறயா கண்ணு?" என்றபடி உள்ளே வந்த அப்பா நின்றுவிட்டார். நடு ஹாலில் டிராகன்.

டிராகன் நகங்களைக் குவித்துக் கும்பிட்டது. "வாங்க மாமா. வாங்க அத்தை." அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல வந்தது.

என் அப்பா மாப்பிள்ளை நிழலைக் கண்டாலே எழுந்து நிற்கிறவர். மாப்பிள்ளையைப் பார்த்து ஏன், எதற்கு என்று கேட்க மாட்டார். துண்டைச் சரிசெய்துகொண்டு, "வர்றோமுங்க மாப்பிள்ளை. சௌக்கியமுங்களா?" என்றார்.

"சௌக்கியமுங்க மாமா. உக்காருங்க."

"நீங்க உக்காருங்க மாப்பிள்ளை. நீங்க நிக்கறப்ப நான் எப்படீங்க உக்கார்றது?"

வாலை வைத்துக்கொண்டு அவரால் உட்கார முடியாது. அதனால் அப்பாவும் உட்காரவில்லை. மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடக்க, மாமனாரும் மருமகனும் நின்றபடியே மழையைப் பற்றியும் போர்வெல் தண்ணீர் பற்றியும் பேசினார்கள். அப்பா பேச்சு முழுக்க டிராகனின் மூக்கைப் பார்த்தேதான் பேசினார்.

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "ஏம் புள்ளே, மாப்பிள்ளைக்கு ஏதாச்சும் வேண்டுதலா?"

"இல்லம்மா, இது காஸ்ப்ளே."

"அது எந்தக் கோயில்ல?"

காபி டம்ளரை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ஹாலில் 'டப்' என்று சத்தம்.

"ஐயோ மாப்பிள்ளை, என்னாச்சுங்க?" அப்பா பதறினார்.

"ஒண்ணுமில்லீங்க மாமா. வாலுங்க."

அப்பா குனிந்து வாலைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளைக்கு முன்னால் அவர் பல் தெரியச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெட்டிக்குள்ளிருந்தும் சிரிப்பு வந்தது. அம்மா தேங்காய் எண்ணெயை ஜிப்பில் தடவி, அப்பா றெக்கையைத் தூக்கிப் பிடிக்க, நான் இழுத்து, ஒருவழியாக அவரை வெளியே எடுத்தோம். வேர்த்து ஊற்றிய முகத்தோடு அவர் எல்லாவற்றையும் விளக்கினார். அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"எதுல போறீங்க?"

"பஸ்ஸுலதானுங்க."

"இத்தாப் பெரிய வாலை வெச்சுட்டா? வேணாமுங்க. நம்ம வண்டி கீழதான் நிக்குது."

மறுநாள் காலை தேங்காய் ஏற்றும் பிக்கப்பின் பின்னால் நாங்கள் இருவரும் நின்றுகொண்டு போனோம். முன்னால் அப்பா ஓட்ட, அம்மா பக்கத்தில். ஒரு கம்பெனி பஸ் எங்களை முந்தும்போது வடக்கத்திப் பையன்கள் ஜன்னலில் தலையை நீட்டி, "டிராகன் பையா!" என்று இந்தியில் 'அண்ணா' போட்டுக் கத்தினார்கள். வீட்டுக்காரர் றெக்கையை விரித்துக் காட்டினார். நான் அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், காற்றில் பறந்துவிடுவாரோ என்று.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவர் அடங்கிப்போனார். பளபளக்கும் கவசங்கள், விளக்கு எரியும் வாள்கள், இடுப்பு வரை வெள்ளிமுடி. எங்கள் தையல் எல்லாம் கோணல். "போயிரலாமா?" என்றார். அப்போது வெள்ளிமுடிப் பெண் ஒருத்தி அவர் முதுகைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அண்ணா, இந்த முள்ளு சூப்பர். எதுல செஞ்சீங்க?"

"நூல் கோனுங்க" என்று அவர் நிமிர்ந்தார். அதன் பிறகு கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோருக்கும் விளக்கினார்.

மேடையில் பேர் கேட்டார்கள். டிராகனுக்குப் பேர் வைக்க நாங்கள் மறந்தே போயிருந்தோம். அவர் திகைத்து, "வீரபாண்டிங்க" என்று ஊரைச் சொன்னார். கூட்டம் "வீரபாண்டி! வீரபாண்டி!" என்று கத்தியது. திரும்பும்போது வால் தூணில் இடித்து மிச்சமிருந்த பைகளும் வெடித்தன. கைதட்டல் நிற்கவில்லை. பின்வரிசையில் அப்பா எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. வழியில் ஒரு கடையில் வேஷத்தைக் கழற்றி, தலையை மேசை மேல் வைத்துவிட்டு நால்வரும் புரோட்டா சாப்பிட்டோம். பெட்டித் தலையிலிருந்து அவர் காதில் ஒட்டிய பச்சை பெயிண்ட் எத்தனை தேய்த்தும் போகவில்லை. திங்கட்கிழமை அந்தக் காதோடுதான் ஆபீஸ் போனார். மத்தியானம் போன் பண்ணி, மேனேஜர் வரைக்கும் எல்லோருக்கும் போட்டோ காட்டிவிட்டதாகச் சொன்னார். பேசுகிற குரலிலேயே தெரிந்தது, இன்னும் தரைக்கு இறங்கவில்லை என்று.