கோபுரம் இருக்கிற வாசல்

போன மாதம் ஸ்ரீரங்கத்தில், ஒரு காபிக் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கோலாலம்பூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா, ஏன் இருபது நிமிஷமா அங்கேயே நிக்கிறீங்க?" நான் நிற்கும் இடத்தை அவள் போனில் ஒரு நீலப் புள்ளி காட்டிக்கொடுக்கிறதாம். அறுபத்தெட்டு வயதில் காபி குடிப்பதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எரிச்சலில் மிச்சத்தை வைத்துவிட்டு நடந்தேன்.

காபி வாசனைக்குப் பின்னாலேயே மல்லிகை வாசனை வந்தது. உடனே கால் சுட்டது. செருப்பு போட்டிருந்தும் சுட்டது.

முதல்முறை இங்கே வந்தபோது எனக்கு நாற்பத்து மூன்று. கணவர் இறந்து பத்து மாதம். ஈப்போவிலிருந்து கிளம்பிய யாத்திரைக் கூட்டத்தில் பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா என் பெயரையும் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. பஸ்ஸில் நான் உட்கார வேண்டிய இடம், தின்ன வேண்டிய இட்லி, எல்லாம் அவர் முடிவு. ஐந்தாம் நாள் திருவானைக்காவலில் எல்லாரும் கோயிலுக்குள் போனபோது தலைவலி என்று சொல்லிப் பின்தங்கி, டவுன் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்துவிட்டேன். தெரியாத ஊரில் முதல்முறையாகத் தனியாக நடந்தேன். கணவர் இருந்தவரை நாலடி முன்னால் அவர்தான் போவார். பாஸ்போர்ட்டெல்லாம் அவர் சட்டைப்பையில்.

அந்தப் பெருமை தரிசனம் முடியும் வரைதான். தெற்கு வாசலில் செருப்பை விட்டவள் கிழக்கே வெள்ளைக் கோபுரம் வழியாக வெளியே வந்துவிட்டேன். எந்த வாசலில் விட்டீர்கள் என்று கேட்டவர்களிடம், கோபுரம் இருக்கிற வாசல் என்றேன். எந்த ஊரில் போய்ச் சொல்கிற அடையாளம் பாருங்கள்! ஆளுக்கொரு திசை காட்டினார்கள். சுற்றிச் சுற்றி அதே வெள்ளைக் கோபுரத்துக்கே வந்து சேர்ந்தேன். உச்சி வெயில். தார் ரோட்டில் நின்று அழுதேன். சாவு வீட்டில் கூட அப்படி அழவில்லை.

பூக்கடைக்காரப் பெண் ஒருத்தி நிழலுக்குக் கூப்பிட்டாள். "செருப்புக்கா இப்படி அழுவுறீங்க?"

"இல்லைங்க" என்றேன். வேறொன்றும் அவள் கேட்கவில்லை. தன் ரப்பர் செருப்பைக் கழற்றித் தள்ளினாள். "போட்டுக்கிட்டுப் போய்த் தேடுங்க. கெடைச்சதும் கொண்டாந்து குடுங்க."

கிடைத்தது; கொடுத்தேன். திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் பஸ் இரண்டு மணி நேரம் எனக்காகக் காத்திருந்தது. பார்வதி அக்கா எல்லார் முன்னாலும் வறுத்தெடுத்தார். சொல்லிவிட்டுப் போயிருந்தால் பிடித்தா வைத்திருப்போம் என்றார். ஆமாம், பிடித்துத்தான் வைத்திருப்பீர்கள் என்றேன். அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல்முறை. தஞ்சாவூர் வரை அவர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். பிறகு ஆரஞ்சு ஒன்றை உரித்து நீட்டினார்.

"அழுதியா?"

"அழுதேன்க்கா."

"நல்லது. பத்து மாசமா அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

இன்று அந்தப் பூக்கடை இருந்த இடத்தில் போன் உறை விற்கிறார்கள். பார்வதி அக்கா இறந்து மூன்று வருடம். அவர் வீட்டை வாங்கியவர்கள் நல்ல மாதிரிதான். இந்தமுறை ஈப்போ வீட்டிலிருந்து நான் பெட்டியோடு கிளம்பியபோது சிரித்துக் கையசைத்தார்கள். எங்கே போகிறேன் என்று கேட்கவில்லை.