ஒரு சாக்குத் தவளை

பி.எஸ்சி. விலங்கியல் படித்த மூன்று வருஷமும் ஜினமதிக்கு எரிச்சல் வராத நாளே கிடையாது. ஊரில் அவளைப் பாதி டாக்டராகவே ஆக்கிவிட்டார்கள். மூட்டு வலியா, பித்தமா, மாடு கழிகிறதா, எல்லாம் அவளிடம்தான் வரும். "நான் வைத்தியம் படிக்கலீங்க. உடம்புக்குள்ள எது எப்படி வேலை செய்யுதுன்னு படிக்கிறேன்" என்பாள். "அதான்ம்மா, எனக்கு இன்னா வேலை செய்யலன்னு பாத்துச் சொல்லு" என்று கையை நீட்டுவார்கள். தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

ஆனால் படிப்பின் மேல் அவளுக்கு அப்படியொரு ஆசை. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய மனித இதயப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து, ரத்தம் எங்கே போகிறது, எப்படித் திரும்பி வருகிறது என்பதைவிட ருசியான விஷயம் உலகத்தில் எதுவும் இருப்பதாக அவளுக்குப் படவில்லை. டிகிரி முடிக்க வேண்டும், பி.எட். சேர வேண்டும், அப்புறம் அதே மாதிரி ஒரு படத்துக்கு முன்னால் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று பாடம் நடத்த வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்குக் குறுக்கே ஒரு தவளை வந்து உட்கார்ந்துகொண்டது.

ஜினமதியின் வீடு சமண வீடு, ஊர்வாயில் நயினார் வீடு. கல்லூரி இருந்த திருவண்ணாமலைக்குப் பஸ்ஸில் வந்துபோகிற தூரத்தில் கிராமம். தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். பொழுது சாய்ந்துவிட்டால் சோறு கிடையாது, இருட்டில் ஏதாவது பூச்சி விழுந்து செத்துப்போகும் என்று. அவளுடைய அப்பா குணபால நயினார் இன்னும் ஒரு படி மேலே. சந்தைக்கு உளுந்து விற்கப் போவார்; அங்கே கூண்டில் கவுதாரி இருந்தால் அத்தனையையும் வாங்கிப் பறக்கவிட்டு, வெறுங்கையோடு சிரித்துக்கொண்டே வந்து நிற்பார். இந்த மனிதரிடம் போய், "பரீட்சையில தவளைய அறுக்கணும்பா" என்று எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. வகுப்பில் பக்கத்துப் பெண் கஸ்தூரி அறுப்பாள், இவள் பார்த்து வரைவாள். வரைவது என்றால் சும்மா இல்லை, ஒவ்வொரு ரத்தக்குழாயும் உயிரோடு இருப்பதுபோல் இருக்கும்.

கடைசி வருஷச் செய்முறைத் தேர்வில் கஸ்தூரியின் கை இல்லை. ஜினமதி கத்தரிக்கோலை எடுத்தாள், கை நடுங்கியது, பெரிய குழாயே அறுந்து மெழுகுத் தட்டு முழுக்க ரத்தம். எழுத்துத் தேர்வெல்லாம் பாஸ், செய்முறையில் ஃபெயில். ஒரு தவளைக்காக மூன்று வருஷப் படிப்பு அந்தரத்தில் நின்றது.

அப்போதுதான் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது. "மனுஷன் உடம்பப் பத்திப் படிக்கிறேன்னுதானே சொன்ன? அதுக்குத் தவளை எதுக்கும்மா?" என்று கேட்டார் குணபாலன். "மனுஷன அறுக்க விடமாட்டாங்கப்பா" என்றாள் கடுப்போடு. மூன்றாம் நாள், "எடுத்ததப் பாதியில விடக்கூடாது. போய் எழுதிட்டு வா" என்றார். குரல்தான் சரியாக இல்லை.

ஐப்பசி மழையில் மறுதேர்வு வந்தது. கூட வருகிறேன் என்று கிளம்பினார். "வேணாம்பா" என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். "நான் வெளியவே நிக்கிறேன்ம்மா, உனக்கு இன்னா தொந்தரவு?" என்றார். சரி, தொலைகிறது என்று அழைத்துக்கொண்டு வந்து கல்லூரி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள். அவள் செய்த தப்பு அதுதான்.

ஆய்வுக்கூடத்தில் பழைய பாக்கிக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர், தட்டு, ஊசி, கத்தரியோடு நின்றார்கள். வேலூரிலிருந்து வந்த வெளித்தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். ஆய்வுக்கூட உதவியாளர் ராஜமாணிக்கம் வெறுங்கையை விரித்துக்கொண்டு வந்தார்.

"சார், தவளை இல்ல சார்."

"இல்லைன்னா? சொல்லி வைக்கலியா?"

"சொல்லி, தவளை புடிக்கிற சடையன் சாக்குல கொண்டாந்துட்டான் சார். வாசல்ல யாரோ ஒரு நயினாரு, சாக்கோட வெலபேசி வாங்கினு போய்ட்டாராம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். "தவளைய வாங்கினு போய் இன்னா பண்ணுவாரு?" என்று ஒருவன் கேட்டான். ஜினமதிக்கு அதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஐயோ, இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது!

"மத்தியானத்துக்குள்ள தவளை வரலன்னா தேர்வு ரத்து. ஏப்ரல்ல பாத்துக்கலாம்" என்றார் தேர்வாளர். ஏப்ரல் என்றால் இந்த வருஷ பி.எட். போச்சு. அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுகை வருவதே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

ராஜமாணிக்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேங்கிக்கால் ஏரிக்கு ஓடினார். அங்கே சடையன் ஏற்கெனவே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். விற்ற கையோடு நயினாரின் பின்னாலேயே வந்திருக்கிறான். அவர் சாக்கைப் பிரித்து, கும்பிட்டு, விட்டுவிட்டுத் திரும்பியதும் இறங்கிவிட்டான். ராத்திரியெல்லாம் சாக்கில் கிடந்த தவளைகள் கரையோரத்திலேயே சொங்கிப்போய் உட்கார்ந்திருந்தன. "ஓடக்கூடத் தெம்பில்லண்ணே அதுங்களுக்கு. புண்ணியவான், வாரத்துக்கு ஒருக்கா வந்தார்னா நம்ம பொழப்பு ஓடிடும்" என்றானாம் சடையன்.

மத்தியானத்துக்கு முன்பே அதே சாக்கு பின்வாசல் வழியாக ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டது.

ஜினமதி தனக்கு வந்த தவளையைப் பார்த்தாள். மயக்க மருந்தில் அது கையை விரித்துக் கிடந்தது. கோபத்தில் அவள் கை நடுங்கவே இல்லை. தோலை விலக்கினாள், எலும்பை வெட்டினாள், உறையைப் பிரித்தாள். இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய குழாய்கள் இரண்டு பக்கமும் மும்மூன்றாக வளைந்து போயின. ஒவ்வொன்றின் அடியிலும் கருப்புக் காகிதத் துண்டைச் செருகி எடுத்துக் காட்டினாள். படத்தில் பார்த்தது, வரைந்து வரைந்து தள்ளியது, கண்ணுக்கு முன்னால் ஓடுகிறது! அந்த நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அப்பா நினைவே இல்லை. தேர்வாளர் குனிந்து பார்த்து, "ரொம்ப நீட்டா இருக்கே, யாரும்மா உனக்கு ஃபெயில் போட்டது?" என்றார்.

வெளியே வந்தபோது புங்கமரத்தடியில் குணபாலன் நின்றுகொண்டிருந்தார். வேட்டியில் முழங்கால் வரை சேறு, முகமெல்லாம் பூரிப்பு.

"ஒண்ணு பாக்கியில்லாம விட்டுட்டேன்ம்மா. உன் கைக்குப் பாவம் வராது. படமா வரையச் சொன்னாங்களா?"

"யாருப்பா உங்களக் கேட்டா?" என்று வெடித்தாள் ஜினமதி. "என் வருஷமே போயிருக்கும், தெரியுமா? நீங்க இந்தப் பக்கம் வந்ததும் சடையன் அந்தப் பக்கம் எறங்கி அத்தனையும் புடிச்சுனு வந்துட்டான். அதே தவளதான். நான் அறுத்துட்டேன்."

அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது. "வலிச்சிருக்குமா?" என்றார்.

"மருந்து குடுத்துதான்பா அறுப்பாங்க. தெரிஞ்சிருக்காது."

"நீ... ஒழுங்கா அறுத்தியா?"

"பாஸ் ஆயிடுவேன்."

பெருமூச்சு விட்டார். "சரி போ. இதோட முடிஞ்சுதுல்ல? இனிமே அறுக்க வேணாமில்ல?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"இல்லப்பா. டீச்சர் ஆனா பசங்களுக்கு நான்தான் அறுத்துக் காட்டணும். வருஷா வருஷம்."

குணபாலன் சேற்றுக் காலைத் தேய்த்துக்கொண்டே நின்றார். அவ்வளவுதான், பி.எட். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று ஜினமதி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அது எந்த மாசத்துல வரும்மா?" என்றார் அவர். "முன்னாடியே சொல்லிடு. இந்த ஏரி வேணாம், வேற தூரமா ஒரு ஏரி பாத்து வெச்சுக்கிறேன்."